போத்தலுக்குப் பழக்கியவள்

அவள் என் கையில் கொடுத்த பால் போத்தல் இளஞ்சூடாக இருந்தது. அவள் ஸ்வெட்டரின் முன்பக்கமோ பால் கசிந்து நனைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவள் நான். எத்தனையோ தாய்மாரைப் பார்த்துவிட்டேன் என்ற திமிரும் எனக்கு உண்டு. மார்பில் இவ்வளவு பால் இருக்க, ஐந்து மாதப் பெண் பிள்ளைக்குப் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கிறாயே, நீயெல்லாம் என்ன தாய் என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவள் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு வேலைக்கு ஓடினாள். சாயங்காலம் வந்து தூக்கும்போது பிள்ளை மார்பை முட்டும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளையை என்னிடமே நீட்டி, நீங்களே போத்தலைக் கொடுங்கள் என்பாள்.

தமிழ்நாட்டிலிருந்து புருஷனோடு கடல் தாண்டி இங்கே வேலைக்கு வந்தவள். வயிற்றில் பிள்ளை வந்தால் வெளிநாட்டுப் பெண்ணின் வேலை பெர்மிட்டை இங்கே ரத்து செய்துவிடுவார்கள்; அவளுடையது அப்படித்தான் போய்விட்டது. அவனுடையது இருந்தது. அவள் பக்கத்து ஊரான கியா பார்மில் ஒரு காய்கறித் தோட்டத்தில் ஒளிந்து ஒளிந்து வேலை செய்தாள். ஒருநாள் நான் விடாமல் திட்டியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"என்னைப் பிடிச்சிட்டா இவ யார் கையிலயும் குடிக்கணும்க்கா. மாரைத் தேடி அழுதா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அன்றிலிருந்து அவள் பயம் என்னையும் தொற்றிக்கொண்டது. ரோட்டில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன்.

சென்ற வருடம் ஒரு காலை, கியா பார்ம் பக்கம் இமிகிரேஷன் சோதனை நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். பிள்ளையின் தாய்க்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். அதற்குள் பிள்ளை பசித்துக் கையைச் சப்பத் தொடங்கியது. போத்தலை வாயில் வைத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அது தூங்கிப்போனது.

மத்தியானம் யாருடைய நம்பரிலிருந்தோ கூப்பிட்டாள். பிடித்துவிட்டார்கள், புருஷன் வந்து பிள்ளையை எடுத்துக்கொள்வார் என்று அவசரமாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"பாப்பா குடிச்சாளாக்கா?"

"நல்லா குடிச்சா லா. அழவே இல்ல. உன்னைத் தேடவும் இல்ல."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு லைன் அறுந்துபோனது. அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

இப்போதெல்லாம் யார் போத்தலோடு வந்தாலும் ஏன் என்று நான் கேட்பதில்லை. அன்று ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். கொஞ்சம் அழுதாள், உன்னைத்தான் தேடினாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாவி, எனக்கு அது தோன்றவில்லை.