செம்புக்காரர் கண்டெடுத்த கல்

ஊரில் அவருக்குச் செம்புக்காரர் என்று பெயர். செம்புத் தாதைக் கண்டுபிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுசு முழுக்கத் தேடியும் அது அவர் கண்ணில் படாததால் வந்த பெயர். ஊர் வாய்க்கு இரக்கம் ஏது?

மலையில் பொறுக்கிய கற்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு சுரங்கக் கம்பெனி ஆபீசுக்குப் போவார். அங்கிருந்த ஜியாலஜிஸ்ட்டுக்கு இவரைக் கண்டாலே தலைவலி. நிறம் எடுப்பாகத் தெரிய இவர் கல்லை நக்கி ஈரமாக்கி நீட்டுவார். அவர் முகத்தைச் சுளித்து, சட்டையில் துடைத்துவிட்டு, மறுபக்கத்தைத் தானும் நக்கிப் பார்ப்பார். படித்த நாக்கும் படிக்காத நாக்கும் ஒரே கல்லில். பிறகு கல் ஜன்னல் வழியே வெளியே போகும்.

"வெறும் கல்லு, பெரியவரே. போய் வேற வேலையப் பாருங்க."

பொறுத்தது போதுமென்று மனைவி ஒருநாள் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள்.

"இதாங்க கடைசிக் கல்லு. இதுவும் இல்லன்னா எங்கண்ணன் கடைக்கே போயிடலாம்."

அண்ணனுடையது இரும்புக்கடை. "எங்க மாப்பிள்ளை, மலையையே வாங்கப் போறவர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் இவரைக் காட்டிச் சிரிக்கிற மனுஷன். அங்கே ஆணி நிறுப்பதற்குச் செத்தே போகலாம் என்றிருந்தது இவருக்கு.

மழைக்காலம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து, எழுந்த கையோடு மலையடியில் எடுத்தது அந்தக் கடைசிக் கல். செம்புத் தாதுக்கே உரிய பச்சை படர்ந்திருந்தது. ஜியாலஜிஸ்ட் நக்கினார், லென்ஸ் வைத்துப் பார்த்தார், மறுபடியும் நக்கினார். ஜன்னல் பக்கம் கை போகவில்லை.

"எங்க எடுத்தீங்க?"

"மலையடியில சார். இன்னும் கெடக்கு."

உடனே ஜீப் கிளம்பியது. இவருக்கு முன்சீட்டு.

சரிவில் பச்சைக் கற்கள் கோடு போட்டது போலக் கிடந்தன. இருவரும் மூச்சிரைக்க அந்தக் கோட்டைப் பிடித்து ஏறினார்கள். அது கம்பெனி ரோட்டு வளைவில், இடிந்த தடுப்புச் சுவரடியில் போய் முடிந்தது. ஜியாலஜிஸ்ட் அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"மழையில எங்க லாரி கவுந்த இடம் இது. எங்க சுரங்கத்துக் கல்லையே எங்கிட்ட கொண்டாந்திருக்கீங்க."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தையும் பொறுக்கி வண்டியில போட்டுடுங்க, கம்பெனி சரக்கு" என்றார். செம்புக்காரர் தன் சாக்கிலேயே பொறுக்கிப் போட்டார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"நல்ல கல்லாம். அசல் செம்பு."

அவள் உள்ளே போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவுக்காத" என்றார்.