வெள்ளைக் கோடும் தவநேசன் அண்ணாவும்

சிட்னியின் பென்டில் ஹில் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தவநேசன் அண்ணாவின் மனைவி வதனி அக்காவின் அழைப்பு வந்தது. "பிள்ளை, இவர் எங்களை விட்டுட்டுப் போட்டார். விடிய எழும்பி நெஞ்சு நோகுதெண்டார். அவ்வளவுதான்." கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். போன வெள்ளிக்கிழமைதான் என் சாம்பாரை ரசம் என்று கேலி செய்த மனிதர்.

கிரவீனில் அவர் வீட்டுக்கு வந்துபோன உங்களில் பலருக்குத் தவநேசன் அண்ணாவைப் பாடிக்கொண்டே பார்பிக்யூ சுடுகிறவராகத் தெரியும். எனக்கு அவர் பட்டறைத் தோழர். போட்டிகளில் இலக்கைச் சுடுகிறவர்களின் ரைபிள்களைப் பழுதுபார்க்கும், உரிமம் பெற்ற சின்னப் பட்டறை அது. அவர் அங்கே தலைமை ஃபிட்டர். நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனி டூல்ரூமில் பதினேழு வருஷம் இருந்தவள். சிட்னிக்கு வந்து இரண்டு வருஷம் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டியபிறகு, என் தொழிலிலேயே ஒரு வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள். திருப்தியில்லை என்றால் அனுப்பிவிடுவார்கள். மறுபடி பெட்டி ஒட்டப் போக எனக்குத் தெம்பில்லை.

சேர்ந்த வாரமே எங்களுக்குள் சண்டை. ரைபிளின் மேற்பகுதி ரிசீவர் என்பது அலுமினியத்தால் ஆன குழல் மாதிரி ஓர் உடம்பு. உள்ளே தோட்டாவைத் தள்ளும் போல்ட் முன்னும் பின்னும் ஓடும். முன்னால், குண்டு பாயும் குழாயான பேரலை ஒரு பெரிய நட் பிடித்திருக்கும். அந்த நட்டைக் கழற்ற, ரிசீவரை வைஸ் என்ற இறுக்குப்பிடியின் தாடைகளுக்கு நடுவில் அசையாமல் நிறுத்த வேண்டும். எதை வைத்து நிறுத்துவது? அவர் கட்சி, இரண்டு பாதியாக வெளிப்புறத்தைக் கவ்வும் பிளாஸ்டிக் கட்டை. என் கட்சி, உள்ளே நுழைந்து பேரலின் பின்முனைப் பற்களில் மாட்டிக்கொள்ளும் எஃகுத் தண்டு. தண்டு என்றால் ரிசீவரின் சுவரை நெருக்க வேண்டியதே இல்லை. அந்தத் தண்டின் படத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"இதென்ன, புட்டுத் தள்ளுற தடியே?" என்றார். "உந்தக் கட்டையோட பதினொரு வருசமா வேலை செய்யிறன் மேடம். ஒரு குறையும் வரேல்லை."

"வர்ற வரைக்கும் எல்லாரும் அப்படித்தானுங்க அண்ணா சொல்லுவாங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் அசையவில்லை. வைஸின் நகரும் தாடை எதுவரை வரலாம் என்று வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். கோடு வரை இறுக்கு, அதற்குமேல் வேண்டாம். பட்டறையில் அது சட்டம்.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு நர்ஸ், போட்டிக்கென்று எடை குறைக்க ரிசீவரை மெல்லிசாகச் செய்த ரைபிளைக் கொண்டுவந்தார். பேரல் மாற்ற வேண்டும், சனிக்கிழமை சுட வேண்டும். நான்தான் மாற்றினேன். கட்டையில் வைத்து, கோடு வரை இறுக்கி, கர்மசிரத்தையாகச் செய்தேன். வெள்ளிக்கிழமை காலை அதை எடுத்துப்போக வந்தவர் போல்ட்டைத் தள்ளினார். பாதியில் உரசி நின்றது. சுவர் நசுங்கியிருந்தது. முதலாளி கிரெக், யார் செய்தது என்று கேட்டார். நான் என்றேன். வீட்டுக்குப் போ, திங்கட்கிழமை பேசுவோம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று தவநேசன் அண்ணா வாசலை மறித்தார். கழித்துப்போட்ட ரிசீவர்களில் அதேபோல மெல்லிய ஒன்றைத் தேடி எடுத்தார். எல்லோர் முன்னாலும் கட்டையில் வைத்தார். கொஞ்சம் இறுக்குவார், போல்ட்டை ஓட்டிப் பார்ப்பார். மறுபடி இறுக்குவார், ஓட்டிப் பார்ப்பார். தாடை கோட்டைத் தொட இன்னும் இடம் இருக்கும்போதே போல்ட் பிடித்துக்கொண்டது. இன்னொன்றை எடுத்துச் செய்தார். அதுவும் அப்படியே.

அட, அந்த மனிதர் சிரித்தாரே, பட்டறையே அதிரும்படி! கோடு என்னுடையது, இவர் அதன்படிதான் செய்தார் என்று கிரெக்கிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "நான்தான் பிழை விட்டனான், மேடம். பழைய தடிச்ச ரிசீவருக்குக் கீறின கோடு. மெல்லிசு வரத் தொடங்கினாப் பிறகு மாத்தியிருக்க வேணும்." தின்னரில் துணியை நனைத்து, அங்கேயே அந்தக் கோட்டைத் துடைத்துப் போட்டார். கிரெக் என் பையைத் தோளிலிருந்து தானே இறக்கி மேசையில் வைத்தார். அந்த நர்ஸ் இரவல் ரைபிளில் சுட்டார். புது ரிசீவரை அண்ணா பொருத்திக் கொடுத்தார்.

நான் கேட்ட தண்டும் பட்டறைக்கு வந்தது. அதற்காகக் கட்டையைத் தூக்கி எறிய விடவில்லை அவர். "நட் இறுகிக் கிடந்தா தண்டு. சும்மா குறி பாக்கிற சைட் பூட்டுறதுக்குக் கட்டை போதும். எது நல்லதெண்டு கேக்காதேங்கோ, என்ன வேலைக்கெண்டு கேளுங்கோ." அதோடு விட்டாரா? கோயில் அன்னதான வரிசையில், மளிகைக் கடையில், பார்த்தவரிடமெல்லாம் என்னைக் காட்டி, "என்ர பிழையைக் காட்டித் தந்தவ" என்று பெருமையாக அறிமுகப்படுத்துவார். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

சாவு வீட்டில் இந்தக் கதையை வதனி அக்காவிடம் முழுதாகச் சொன்னேன். கண்ணைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"உண்மையாவே பிழை விட்டனான் எண்டு சொன்னவரோ?"

"எல்லார் முன்னாலயும் சொன்னாருங்க அக்கா."

"முப்பத்திரண்டு வருசம் பிள்ளை! என்னட்டை ஒருக்காலும் சொல்லேல்லை, பாரன்!" நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் செய்தேன்.

இன்றும் அந்த வைஸின் முன்னால் நிற்கிறேன் என்றால், அது அண்ணா தந்த வேலை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அடுத்தவர் தலை உருளும் முன் தானாக வாய் திறக்கும் பழக்கம். வீட்டில் பிழையை ஒப்புக்கொள்ளும் பங்கை மட்டும் அவர் பாக்கி வைத்துவிட்டார். அதை நான் தொடங்கினேன். எங்கள் கார்க் கதவில் உள்ள கீறலுக்காக நாலு மாதமாகக் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சாவு வீட்டிலிருந்து திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்தக் கீறல் போட்டது நான்தானுங்க" என்று சொல்லிவிட்டேன்.