கால் கப் ஓட்ஸ்

அண்ணனுக்குச் சர்க்கரை ஏறி, இன்சுலினில் கொண்டுவந்து விட்டது. காலையும் ராத்திரியும் நாற்பது கிராம் ஓட்ஸ் கஞ்சி என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் தராசு இல்லை. அதனாலென்ன, நான் இருந்தேன்.

அண்ணி போனதிலிருந்து அண்ணன் எங்களோடுதான் இருக்கிறார். மில்லில் பஞ்சு மூட்டை எடை போட்டே, மில்லை மூடும்வரை காலம் தள்ளியவர். அவர் அங்கே போனதால்தான் நான் காலேஜுக்குப் போனேன். படித்த படிப்பை அவர் ஓட்ஸில் காட்டினேன்.

கணக்கு எளிது. ரைஸ் குக்கரோடு வந்த கப்பில் தலைதட்டி அளந்தால் நூற்றைம்பது கிராம். அரிசிக்கு அது சரி என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே நாற்பது கிராம் என்பது கால் கப்புக்கு ஒரு நூல் மேலே. "ரெண்டு கை அள்ளிப் போட்டா ஆச்சு" என்றாள் மனைவி. அடுப்பங்கரையில் அறிவியல் நுழைவது இவளுக்குப் பிடிக்கவில்லை என்று வருந்தி, ஓட்ஸ் டப்பாவை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். கப்பில் மார்க்கர் பேனாவால் கோடும் போட்டேன்.

முதல் நாளே அண்ணன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா, வெறும் தண்ணியா இருக்குது? ஓட்ஸு பஞ்சு மாதிரிடா. அரிசி கப்புல அளந்தா சரியா வராது."

வாயைக் கட்டுவது பற்றி அவருக்குப் பத்து நிமிடம் பேசினேன். நான் படித்த புத்தகங்களும் நடுநடுவே வந்து போயின. அவர் கேட்டுக்கொண்டே கிண்ணத்தை வழித்துக் குடித்தார். அடுத்தடுத்த நாள்களில் இன்னும் கொஞ்சம் கேட்டார், கொடுக்கவில்லை. ஒரு வாரத்தில் கேட்பதை விட்டுவிட்டார். அதை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

இருபதாம் நாள் காலை ஊசி போட்டு, கஞ்சி குடித்து, பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் வியர்த்துக் கொட்டி நாற்காலியில் சரிந்தார். நினைவு தப்புவதற்குள் மனைவி சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டாள். ஆட்டோ பிடித்துக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருந்தது. என்ன சாப்பிட்டார் என்று கேட்ட நர்ஸிடம் நாற்பது கிராம் என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். எதற்கும் ஒருதடவை நிறுத்துப் பார்க்கச் சொன்னார்.

மளிகைக் கடைத் தராசில், கோடு வரை அளந்த ஓட்ஸைக் கொட்டினேன். பதினேழு கிராம்.

கடைக்காரர் எட்டிப் பார்த்து, "லவ் பேர்ட்ஸ் வளக்கிறீங்களா சார்?" என்றார்.

நாற்பது வருவதற்கு அரைக் கப்பையும் தாண்டிப் போட வேண்டியிருந்தது. மனைவியின் இரண்டு கையையும் பிறகு நிறுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

இப்போது அண்ணன் கிண்ணம் நிறையக் கஞ்சி வருகிறது. மருந்தைக் குறைத்திருக்கிறார்கள், ஆனால் அவர் முழுதும் குடித்தால்தான் அந்த ஊசியும் தாங்கும். பாதியில் வைத்துவிடுகிறார். குடிக்கச் சொல்லிக் கெஞ்சினால், "போதும்டா, அளவு தாண்டிடப் போவுது" என்கிறார்.

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.