ஃபிக்ஸட் என்றால் மாட்டியாச்சு

1. குண்டான்

அலுவலகம் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கஸ்தூரி உள்ளே வந்து, என் மேஜையில் இருந்த பில் கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு குண்டான் நிறைய இட்லி மாவை வைத்தாள். மூடியிருந்த துணியை எடுத்தாள்.

"இது இன்னா சார்?"

"மாவு."

"மாவுன்னு எனக்குத் தெரியாதா? மேல கறுப்பா கீதே, அது இன்னா?"

அது என்னவென்று எனக்கும் தெரியும். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் ஆபீசில் நான் பில் கிளார்க். தொழிற்சாலை நிலக்கரி எரித்துத் தனக்கு வேண்டிய கரன்டைத் தானே தயாரித்துக்கொண்டது. அதில் கொஞ்சம் எங்கள் இரண்டு தெருக் குவார்ட்டர்ஸுக்கும் வரும். கரன்ட் வயர் வழியாக வரும். கரி காற்று வழியாக வரும். கஸ்தூரியின் புருஷன் அங்கே கிரேன் ஓட்டினார். அவள் வீட்டில் கிரைண்டர் வைத்து மாவு அரைத்து விற்றாள். முந்தைய நாள் அவள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் குண்டான் நேராக என் மேஜைக்கு வந்தது.

2. ஏறாத ரேட், ஏறிய பில்

குவார்ட்டர்ஸ் ஒதுக்கும்போதே எல்லாருக்கும் ஒரு தாள் கொடுப்போம். கரன்டுக்கு ஃபிக்ஸட் ரேட், இங்கே குடியிருக்கும்வரை மாறாது என்று அதில் இருக்கும். கம்பெனி கொடுத்த நல்ல விஷயங்களில் அதுவும் ஒன்று. அதிக நாள் விட்டுவைப்பார்களா?

மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டார்.

"அடுத்த பில்லுலேர்ந்து புதுசா ஒரு லைன் சேத்துக்கய்யா. என்விரான்மென்ட் லெவி. சிம்னிக்கு ஃபில்டர் போடணும்னு கவர்மென்ட்ல கழுத்தப் பிடிக்கறான். அதுல குவார்ட்டர்ஸ்காரங்க பங்கு இது."

"சார், ரேட் மாறாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கோமே."

"ரேட் எங்கய்யா மாறுது? ரேட் அப்படியேதான் இருக்கு. பில்தான் ஏறுது."

இந்த வாக்கியத்தை நான் கவுன்டரில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் ஏற்கவில்லை. எனக்கே அது ஒட்டவில்லை.

ஒற்றை பல்பு எரிகிற வீட்டுக்கும் இரண்டு ஏசி ஓடுகிற மேனேஜர் பங்களாவுக்கும் ஒரே லெவி. சமத்துவம் என்றால் எங்கள் கம்பெனியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் பங்களா இருந்தது கடற்காற்று சுத்தமாக வருகிற பக்கம். புகை முழுக்க எங்கள் தெருப் பக்கம்தான் திரும்பும். அதற்கு யாரும் சமமாகப் பங்கு போடவில்லை.

எத்தனை யூனிட் எரித்தாலும் லெவி ஒன்றுதான் என்பதால் அதற்குப் பக்கத்தில் 'ஃபிக்ஸட்' என்று அடிக்கச் சொன்னார்கள். அப்போது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். பில் முழுக்க இங்கிலீஷ். இருக்கிற சின்ன இடத்தில் அந்த வார்த்தையை அழகாக நுழைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

3. எங்கே மாட்டினீர்கள்?

எங்கள் பக்கத்தில் ஃபிக்ஸ் என்றால் மாட்டுவது. ஃபேன் ஃபிக்ஸ் பண்ணுவார்கள், டியூப்லைட் ஃபிக்ஸ் பண்ணுவார்கள். பில்லில் என்விரான்மென்ட் என்றும் ஃபிக்ஸட் என்றும் பார்த்ததும், சிம்னியில் ஃபில்டர் மாட்டியாகிவிட்டது என்று இரண்டு தெருவும் முடிவு கட்டியது. அன்று சாயங்காலம் ஆணும் பெண்ணும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். சிம்னி எப்போதும்போல ஊதிக்கொண்டிருந்தது.

மறுநாள் கஸ்தூரி கரன்டுக்கு உண்டானதைக் கட்டிவிட்டு லெவியை மட்டும் நிறுத்தினாள்.

"ஃபிக்ஸட்னு போட்டுகீறீங்க. எங்க ஃபிக்ஸ் பண்ணிகீறீங்க? மாட்டுங்க, அப்பால கட்றேன்."

"அதுக்கு அர்த்தம் அது இல்லம்மா. ஃபிக்ஸட்னா மாறாதுன்னு அர்த்தம்."

"ரேட்டும் ஃபிக்ஸடுன்னீங்க. அது மேல இத்த ஏத்தினீங்க. இப்ப இதுவும் ஃபிக்ஸடுன்றீங்க. அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு உங்களுக்கே தெரியல சார். எங்களுக்குத் தெரியும்."

நான் பி.காம். படித்தவன். லெவியை விட்டுவிட்டு ரசீது போட்டுக் கொடுத்தேன்.

4. ஃபியூஸ்

இரண்டு பில் அப்படியே போனது. மூன்றாவதில் மேனேஜர் உத்தரவு போட்டார்: ஃபியூஸைப் பிடுங்கு. லைன்மேன் அன்வர் பாயும் நானும் போனோம். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அரிசி பாதி அரைந்திருந்தது.

"இத்த அரைச்சு முடிக்கட்டும் நைனா," என்றார் அன்வர் பாய். "பாதில நிறுத்தினா பாவம்."

வாசலில் குந்தினோம். கஸ்தூரி எங்களுக்கு டீ கொடுத்தாள். மாவை வழித்து எடுத்த பிறகு பாய் எழுந்துபோய் ஃபியூஸைப் பிடுங்கினார். அவள் சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை.

"கிரைண்டர் நின்னா என் வூட்டுல அடுப்பு எரியாது சார்," என்றாள். "அது உனுக்குத் தெரியணும். அவ்ளோதான்."

மறுநாள் காலையில்தான் அந்தக் குண்டான் வந்தது.

மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்த நேரத்தில் மேனேஜர் உள்ளே வந்தார். கஸ்தூரியைப் பார்த்ததும், "என்னம்மா, இன்னிக்கு வீட்டுக்கு மாவு வரலைன்னாங்களே?" என்றார்.

"இதான் சார் உங்க வூட்டு மாவு. நேரா ஆபீசுக்கே எடுத்தாந்துட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "மிளகு தட்டிப் போடறே இல்ல? நானும் வீட்ல சொல்லிட்டே இருக்கேன், இந்த மிளகு வாசனை வேற எங்கயும் வராதுன்னு."

"மிளகு இல்ல சார். உங்க சிம்னி. எத்தினியோ மாசமா அத்ததான் துன்னுகினு கீறீங்க."

அன்வர் பாய் இருமினார். அது இருமல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். காற்று பங்களாவுக்குக் கொண்டுபோகாத கரியைக் கஸ்தூரி தினமும் தூக்குவாளியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். மேனேஜர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். "அந்த ஃபியூஸைப் போடச் சொல்லு," என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

5. ஒரு வார்த்தை

மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "அந்த ஃபிக்ஸட்டை எடுத்துடுய்யா. அதனாலதான் இவ்வளவு பேஜாரும்."

"லெவியையா சார்?"

"வார்த்தையை."

எடுத்தேன். அரை நிமிட வேலை. எடுக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம், மேனேஜரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த பில்லைப் பார்த்துவிட்டுத் தெருவே சந்தோஷப்பட்டது. கஸ்தூரி நிறுத்தி வைத்திருந்த லெவியையும் சேர்த்துக் கட்டினாள். "மாட்டலன்னு ஒத்துக்கினீங்க இல்ல, அது போதும். எப்ப மாட்டினாலும் மாட்டுங்க," என்றாள். எனக்கு ஒரு வாளி மாவு கொடுத்தாள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. கரி விழாமல் இரண்டு துணி போட்டு மூடிய மாவு. வீட்டுக்குக் கொண்டுபோய் இட்லி ஊற்றிச் சாப்பிட்டோம்.

சில மாதத்தில் லெவி ஏறியது. மறுபடி ஏறியது. மேனேஜரிடம் கேட்டேன். "மாறாதுன்னு எங்கய்யா போட்டிருக்கு, காட்டு?" என்றார்.

கஸ்தூரி பில்லோடு வந்தாள். இந்த முறை குண்டான் இல்லை.

"அந்த வார்த்தைய எடுத்தது யாரு சார்?"

"நான்தான்."

"எடுத்தா ஏத்துவாங்கன்னு அன்னிக்கே உனுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன்.

அவள் பணத்தை எண்ணிக் கவுன்டரில் வைத்தாள். "தெரிஞ்சிகினுதானா என்கிட்ட மாவு வாங்கின?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சிம்னியில் எதையும் மாட்டவில்லை. லெவி மட்டும் தவறாமல் வந்தது. இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பில்லில் ஒரு வார்த்தையைச் சேர்க்கும் முன் வெளியே போய் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஒரு வார்த்தையை எடுக்கச் சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு யார் நிற்கிறார்கள் என்று கவுன்டருக்கு அந்தப் பக்கம் பாருங்கள். நான் பார்த்தேன். பார்த்த பிறகும் எடுத்தேன்.