எண்பது டிகிரியில் அண்ணனும் தம்பியும்

போன ஞாயிற்றுக்கிழமை நல்லம்பள்ளியில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ். மாமன்கள், மச்சான்கள், பெரியம்மா பிள்ளைகள், இன்னும் பல் முளைக்காத ஒரு குழந்தை என்று சொந்தம் மொத்தமும் அதில் கும்பிட்டுக்கொண்டு நின்றது. பெண்ணின் சித்தப்பாவை மட்டும் காணோம். ஃப்ளெக்ஸிலும் இல்லை... மண்டபத்திலும் இல்லை.

சித்தப்பா எங்கே இருந்தார் தெரியுமா? இண்டூர் பக்கம் தன்னுடைய தோட்டத்தில், பலகை அடித்த ஒரு சின்ன அறைக்குள், இடுப்பில் துண்டோடு தன்னந்தனியாக வியர்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டுதல் எல்லாம் இல்லை. அது ஃபின்லாந்துக் குளியல். பெயர் சௌனா.

அந்தச் சித்தப்பாவின் பெயர் கோவிந்தராஜ். பெண்ணின் அப்பா மாதையன், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அந்த வகையில் கோவிந்தராஜ் எனக்கும் தம்பிதான். சாஃப்ட்வேர் வேலைக்காக ஃபின்லாந்து போனவன் பல வருஷமாக அங்கேயே இருக்கிறான். இந்தத் தடவை நீண்ட லீவில் வந்து, தோட்டத்தில் ஒரு சௌனா கட்டினான்.

ஊரே சிரித்தது. தருமபுரியில், சித்திரை வெயிலில், ஓர் அறை கட்டி அதற்குள் அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்களா?

"எங்க வூட்டு மொட்டை மாடிக்கு வாங்க, சும்மாவே வேகலாம்" என்றார் டீக்கடையில் ஒருவர்.

நானும் சிரித்தவன்தான். ஒரு சாயங்காலம் உள்ளே உட்கார்ந்து பார்க்கும் வரை.

மேலும் கீழுமாக இரண்டு வரிசைப் பலகை. மூலையில் விறகு அடுப்பு. அடுப்பின் மேல் குவியலாகக் கருங்கற்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் கோவிந்தராஜ் மரக் கரண்டியில் தண்ணீர் மொண்டு அதன்மேல் ஊற்றினான். உஸ்ஸென்று ஆவி எழும்பி முதுகில் வந்து மோதியது. காது மடல் எரிந்தது. உள்ளே எண்பது டிகிரி! பிரஷர்காரன் என்பதால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். கொஞ்ச நேரம் போதும், கீழ்ப் பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். வியர்த்துக் கொட்டியதும் வெளியே வந்து தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டேன்.

அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள் ஒரு தூக்கம்... காலேஜில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்து தூங்கியதற்குப் பிறகு அப்படித் தூங்கியதே இல்லை. கழுத்துப் பிடிப்பு போன இடம் தெரியவில்லை. அதற்கப்புறம் நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

"வாரக் கடைசியில பெங்களூர்க்காரங்க வந்து தங்கிப் போற மாதிரி பண்ணலாங்கண்ணா. ஆனா ஒரிஜினலா இருக்கணும். பாட்டு, செல்போன், டிவி எதுவும் உள்ள கூடாது" என்றான் கோவிந்தராஜ்.

"அப்போ உள்ளே என்னதான்பா செய்யறது?"

"சும்மா உக்காரணுங்க."

"சும்மான்னா?"

"சும்மாதாங்க."

ஃபின்லாந்தில் ஒருவரைச் சௌனாவுக்குக் கூப்பிடுவதே பெரிய மரியாதையாம். உள்ளே போய்விட்டால் முதலாளி, தொழிலாளி கிடையாது. சண்டை கிடையாது. பேச்சுகூடக் கட்டாயம் கிடையாது. இரண்டு பேர் வாயே திறக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அவர்களுக்குள் அவ்வளவு நெருக்கம் என்று அர்த்தமாம்.

தெரிந்த மனுஷர் எதிரில் ஒரு நிமிஷம்கூட என்னால் பேசாமல் உட்கார முடியாது. மழை வருமா, தக்காளி என்ன விலை என்று எதையாவது கேட்டுவிடுவேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே?

இப்போது கதைக்கு வருகிறேன். மாதையனுக்கும் கோவிந்தராஜுக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா காலமான பிறகு பாகம் பிரித்தார்கள். கிணறு இருந்த பக்கம் தம்பிக்குப் போனது. அண்ணன் ஃபோனில் ஏதோ கோபமாகக் கேட்க, இவன் அங்கிருந்தபடியே, "இனிமே எனக்கு அண்ணனே கெடையாது" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டான். அந்த வார்த்தை அவனையே அரித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் என்னிடம் சொன்னான். "அண்ணன ஒருக்கா சௌனாவுக்குக் கூட்டிட்டு வாங்கண்ணா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து எந்திரிச்சாப் போதும். எல்லாம் சரியாயிரும்."

நான் போய் மாதையனிடம் சொன்னது என்ன தெரியுமா? "உன் தம்பி உன்கிட்ட மனசு விட்டுப் பேசணும்ங்கிறான்."

பொய் சொல்லவில்லை. நம் ஊரில் ஒருத்தரைக் கூப்பிட்டால் பேசத்தானே கூப்பிடுவார்கள்? உட்கார வைப்பதற்கென்று யாராவது கூப்பிடுவார்களா?

மாதையன் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதுதான் அவன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "வாரேம்பா. அவன் 'அண்ணி எப்படி இருக்காங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். நானே கல்யாணச் சேதியச் சொல்லி, நீதான்டா முன்ன நின்னு நடத்தணும்னு சொல்லிருவேன். நீ முந்திக்கிட்டுச் சொல்லிராத" என்றான்.

சொன்னபடி வந்தான். வெளுத்த வேட்டி, கையில் ஒரு பை மாம்பழம். நான் வெளியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் தம்பி நடுவில் எனக்கென்ன வேலை? அவ்வப்போது உஸ்ஸென்று ஆவி கிளம்பும் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. பலகை தடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். மோர் குடித்தார்கள். மாதையன் சட்டையை மாட்டிக்கொண்டு தம்பியை ஒரு பார்வை பார்த்தான். கோவிந்தராஜ் தலையசைத்தான். அண்ணன் என் வண்டியை நோக்கி நடந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது. "பெரிய பாரம் எறங்கிருச்சுங்கண்ணா."

மாதையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுக அவன் பேசவில்லை. சரி, சௌனா இவனையும் சாந்தமாக்கிவிட்டது என்று எனக்குள் ஒரே பெருமை. மழையையும் தக்காளியையும் விசாரிக்கிற நான், என்னடா பேசினீர்கள் என்று கேட்க வேண்டிய அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினேன். இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

எனக்குப் பத்திரிகை வந்தது. தம்பிக்கு நேரில் போய் வைப்பான் என்று இருந்துவிட்டேன். மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால்... மேலே சொன்னேனே, அதுதான்.

தாலி கட்டி முடிந்ததும் மாதையனைப் பந்தி ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். கோபப்படவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அந்தச் சூட்டக்கூடத் தாங்கிக்கிட்டேம்பா. கூப்புட்டு உக்கார வெச்சிட்டு, வாயத் தொறக்காம இருந்தான் பாரு... அதத்தான் தாங்க முடியல. அண்ணியக் கேக்க வேணாம். புள்ளையக் கேக்க வேணாம். வாங்கண்ணான்னாச்சும் சொல்லியிருக்கலாம். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் பத்திரிகை வெக்கிறது?"

பந்தியில் உட்காரவில்லை. நேரே இண்டூர் தோட்டத்துக்குப் போனேன். கோவிந்தராஜ் சௌனாவுக்குள் இருந்தான். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"பால் வாங்கப் போனப்ப பஸ் ஸ்டாப்ல ஃப்ளெக்ஸப் பாத்துத்தாங்க தெரிஞ்சிக்கிட்டேன். அன்னிக்கே ராசியாயிட்டமே... என்னை ஏங்கண்ணா கூப்புடல?" என்றான்.

"அன்னைக்கு உள்ளே அவன்கிட்ட நீ என்னப்பா சொன்னே?"

"மன்னிப்புக் கேட்டேங்க."

"வாய் விட்டா?"

கல்லைப் பார்த்தபடி சொன்னான். "மனசுக்குள்ளங்க."

மாதையன் சொன்னதைச் சொன்னேன். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். பிறகு எழுந்து வெளியே போய் ஃபோனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டான். ரிங் போய்க்கொண்டே இருந்தது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற நேரம். யார் எடுப்பார்கள்?

இதில் ஃபின்லாந்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல குளியல். உடம்புக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது. தாராளமாக உலகம் முழுக்கக் கொண்டுபோகட்டும். கல், பலகை, அடுப்பு எல்லாம் எந்த ஊருக்கும் போகும். அந்த மௌனத்தை மட்டும் அப்படியே பார்சல் கட்ட முடியாது போலிருக்கிறது. அங்கே அது நெருக்கம். இங்கே, சண்டைக்குப் பிறகு வருகிற மௌனத்துக்கு ஒரே பெயர்தான்... அது சண்டை. கோவிந்தராஜ் ஃபின்லாந்து மாதிரி உட்கார்ந்தான். மாதையன் இண்டூர் மாதிரி காத்திருந்தான். இரண்டு பேருமே நல்ல மனுஷர்கள். நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருக்கிறது.

அதற்கப்புறம் ஃபோனில் பேசிக்கொண்டார்கள். கோவிந்தராஜ் ஸ்பீக்கரில் போட்டிருந்தான், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்களாண்ணா?"

"முடிஞ்சுது."

"அண்ணி நல்லா இருக்காங்களா?"

அன்றைக்குச் சௌனாவில் மாதையன் காத்திருந்த அதே கேள்வி. "இருக்கா."

மறுநாள் கோவிந்தராஜ் ஃபிளைட் ஏறிவிட்டான்.

மனசுக்குள் சொல்லிக்கொள்கிற மன்னிப்பு, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் அண்ணன் வரைக்கும்கூடப் போய்ச் சேருவதில்லை!