பின் எஞ்சினில் ஆள் இல்லை

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. நானும் முதலில் சிரித்தவள்தான். "வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா அத்தான்?" என்று கேட்டு, அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் என் அக்கா வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்னபோது காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்திருந்தது.

அத்தான் சரக்கு ரயில் ஓட்டுநர். பாரமான வண்டி மேடு ஏற வேண்டுமென்றால் முன்னால் இரண்டு எஞ்சின் இழுக்கும், பின்னால் இரண்டு தள்ளும். முன்னால் அத்தான். பின்னால் அவருடைய சிநேகிதர். வண்டியின் வாலில் உட்கார்ந்தே காலத்தைத் தள்ளியவர் என்பதால் அவரை எல்லோரும் 'வாலு' என்பார்கள். சேட்டையிலும் அவர் அந்தப் பெயருக்குக் குறை வைத்ததில்லை.

இருவருக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்குப் பெட்டிகள். பேச்செல்லாம் ஹாரனில்தான். அத்தான் குட்டையாக இரண்டு ஊதினால், கிளம்பலாமா என்று அர்த்தம். வாலுவும் இரண்டு ஊதினால், நான் ரெடி. உச்சியைத் தாண்டியதும் அத்தான் நீளமாக ஒன்று ஊதுவார். தள்ளியது போதும், விடு. வாலு விட்டுவிடுவார்.

வாலுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேகக் கைப்பிடியில் மொத்தம் எட்டு படி. உச்சி நெருங்கும்போது அவர் எட்டிலிருந்து ஐந்துக்கு இறக்குவார். ஒரு கணம் நிறுத்தி, ஆறில் வைப்பார். எட்டு... ஐந்து... ஆறு. முன்னால் இருக்கும் அத்தானின் முதுகுக்கே அது தெரியும். ஏன் என்று கேட்டால், "எஞ்சினும் மாடு மாதிரிதான்டா, கொஞ்சம் மூச்சு விட வேணாமா?" என்பார்.

போன வருஷம் அதே மேட்டில், பின் எஞ்சினில் உட்கார்ந்தபடியே வாலு போய்ச் சேர்ந்துவிட்டார். மாரடைப்பு. கை மட்டும் கைப்பிடியிலேயே இருந்தது. எட்டில். வண்டி உச்சியைத் தாண்டிச் சரிவில் இறங்குகிறது, பின்னாலிருந்து தள்ளுவது நிற்கவில்லை. அத்தான் நீளமாக ஊதினார். மறுபடியும் ஊதினார். செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. பிரேக்கோடு மல்லுக்கட்டி நிறுத்தியபோது, அடுத்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றவர்களின் முகம் தெரிந்ததாம்.

அன்றைக்குப் பிடித்த கை நடுக்கம் அத்தானை விடவில்லை. அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார்கள். பாவம், தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்ட மீனாகத் துடித்துப்போனார். சோறு இறங்கவில்லை. தூரத்தில் ரயில் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போவார்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. இப்போதெல்லாம் பின் எஞ்சினில் ஆளே கிடையாது. ரேடியோதான். முன்னால் கைப்பிடியை நகர்த்தினால் பின்னால் இருக்கிறதும் தானாக நகரும். அந்தப் புது முறையில் சிமுலேட்டர் தேர்வு ஒன்று வைத்தார்கள். தேறினால் பழையபடி வண்டி. தவறினால் ஆயுசுக்கும் நாற்காலி.

அத்தான் மகளுடைய கம்ப்யூட்டரில் ரயில் விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பழக ஆரம்பித்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, எல்லாவற்றையும் ஒரே ஆள் ஓட்டும் விளையாட்டு. திரையின் மூலையில் இரண்டு கட்டம் இருக்கும். மேல் கட்டத்தில் முன் எஞ்சின் எந்தப் படியில் இருக்கிறது என்ற எண். கீழ்க் கட்டத்தில் பின் எஞ்சின்.

"தலை நரைச்ச வயசுல விளையாட்டு! கேட்டா ஊரே சிரிக்கும்," என்றாள் அக்கா.

"சிரிக்கட்டும். நீ டீயைக் கொண்டா."

அன்று மத்தியானம் மூன்று மணி பத்து நிமிஷம். நல்ல வெயில். அக்கா அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் பாரவண்டியை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். கைப்பிடி எட்டு. மேல் கட்டத்தில் எட்டு, கீழ்க் கட்டத்திலும் எட்டு. உச்சி நெருங்கியது.

கீழ்க் கட்டம் ஐந்துக்கு இறங்கியது.

அத்தான் கீபோர்டைத் தொடவே இல்லை. மேல் கட்டத்தில் எட்டு அப்படியே இருந்தது. ஒரு கணம்... பிறகு கீழே ஆறு.

அத்தானுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்ததாம். "அட, வாலு மாதிரியே ஓட்டுதே!" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார். சொன்ன பிறகுதான் கை சில்லிட்டது.

மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அதே இடம். எட்டு... ஐந்து... ஆறு.

மூன்றாவது தடவை, உச்சியைத் தாண்டிச் சரிவிலும் இறக்கிப் பார்த்தார். கைப்பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். மேலே பூஜ்யம்.

கீழே ஆறு. ஏழு. எட்டு.

பிரேக் போட்டார். வேகம் குறையவில்லை. ஸ்பீக்கரில் உறுமல் ஏறிக்கொண்டே போனது...

"விடுடா," என்றார் அத்தான். "விடுடா... டேய்!"

விடவில்லை.

பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது.

உறுமல் மட்டும்... இன்னும் இரண்டு விநாடி கேட்டது.

அக்கா எழுந்து வந்தாள். "என்னங்க சத்தம்? யாரைத் திட்டுறீங்க?"

"ஒண்ணுமில்ல. கனவு."

உட்கார்ந்துகொண்டே கனவா என்று அக்கா கேட்கவில்லை. அவர் சட்டை முதுகு நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

நாலு நாள் கழித்துத் தேர்வு. ஒரு சின்ன அறைக்குள் நிஜ எஞ்சின் மாதிரியே இருக்கை, கைப்பிடி, எதிரே பெரிய திரை. பரீட்சை அதிகாரி கறாரான அம்மா. சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. "தொடங்குங்க," என்றார், அவ்வளவுதான்.

கிளம்பும் முன் ஒரு சோதனை உண்டு. முன்னால் லேசாகப் பிரேக் போட வேண்டும். பின் எஞ்சின் டயலில் முள் இறங்கினால், தொடர்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அத்தான் போட்டார். முள் இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

வண்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. கைப்பிடியை அவர் தொடவில்லை. பின் எஞ்சின் எண் மட்டும் மாறியது.

எட்டு.

ஐந்து.

ஆறு.

அத்தான் எழுந்துவிட்டார்.

"நான் எடுக்க மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"பின் எஞ்சின் என் பேச்சைக் கேக்கல."

அந்த அம்மா ஏதோ எழுதினார். எல்லாம் முடிந்தது, இனி நாற்காலிதான் என்று அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாஸ்," என்றார் அதிகாரி. "பின் எஞ்சின் சுவிட்சை வேணும்னேதான் 'கை'யில வச்சிருந்தேன், அங்கேயே ஆள் உக்காந்து கையால ஓட்டுற நிலை. 'ரேடியோ'ல இருந்தாத்தான் உங்க பேச்சைக் கேக்கும். காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாம் அதைக் கவனிக்காமக் கிளம்பிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் மாட்டேன்னு சொன்னீங்க."

"ஆனா... முள் இறங்குச்சே மேடம்?"

"எந்த முள்ளு? பின் எஞ்சின் டயலே எரியலையே. இருட்டாத்தானே இருக்கு."

அத்தான் திரும்பிப் பார்த்தார். இருட்டாகத்தான் இருந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பைத்தியம் என்பார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும். அந்த வண்டிக்காக அவர் அவ்வளவு ஏங்கியிருந்தார். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார் என்று அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள்.

முதல் ஓட்டம் காலையில். கூட ஒரு உதவி ஓட்டுநர், கெட்டிக்காரப் பெண். அவளே பின்னால் போய்ச் சுவிட்சை ரேடியோவில் வைத்து, கதவைப் பூட்டி, சாவியோடு வந்தாள். சோதனையும் சரி. வண்டி கிளம்பியது. அத்தானின் கை நடுங்கவில்லை.

அதே மேடு. உச்சி நெருங்கியது.

"சார்... பின்னால அஞ்சு காட்டுது. நாம எட்டுலதானே இருக்கோம்?"

அத்தானின் முதுகில் அந்தத் தள்ளல் ஒரு கணம் தளர்ந்தது.

"இப்ப ஆறு சார்."

உச்சி தாண்டியது. அத்தான் பூஜ்யத்துக்கு வந்தார்.

ஏழு.

எட்டு.

பிரேக் போட்டார். வண்டி கேட்கவில்லை. கீழே பிளாட்பாரம். ஜனங்கள்.

"சார்!"

அத்தானுக்கு என்ன தோன்றியதோ... கை தானாக ஹாரனுக்குப் போனது.

நீளமாக. ஒன்று.

"யாருக்கு சார் ஊதுறீங்க? பின்னால ஆளே இல்லையே! ரேடியோவுக்குக் காதா இருக்கு?"

எட்டு...

எட்டு...

பூஜ்யம்.

தள்ளல் நின்றது. வண்டி பிரேக்குக்குப் பணிந்தது. பிளாட்பாரத்துக்கு முன்னாலேயே நின்றது.

இருவரும் பின் எஞ்சினுக்கு நடந்தார்கள். அந்தப் பெண் சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து ஃபிட்டர் வந்து ஜன்னல் வழியாக இறங்கினார். உள்ளே யாரும் இல்லை. கைப்பிடி பூஜ்யத்தில் இருந்தது.

சுவிட்ச் 'கை'யில் இருந்தது.

இதெல்லாம் நடந்து ஆறு மாசம் ஆகிறது. யாரும் காரணம் சொல்லவில்லை. எஞ்சினை மாற்றினார்கள், ரேடியோவை மாற்றினார்கள். எட்டு, ஐந்து, ஆறு மட்டும் மாறவில்லை. அத்தான் இன்னும் அதே மேட்டில்தான் ஓட்டுகிறார். "போதுங்க, அந்த நாற்காலிக்கே போயிடுங்க," என்று அக்கா காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"நான் போயிட்டா வேற ஒருத்தன் ஓட்டுவான். அவனுக்கு ஊதத் தெரியாதே," என்கிறார் அத்தான்.

அதனால் அவர் மேடு ஏறும் நாளெல்லாம் அக்கா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வண்டி நின்றதும் கூப்பிடுவார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"விட்டாரா?"

"விட்டுட்டான்."

அதற்குப் பிறகுதான் சாப்பிடுவாள்.

போன வாரம் போன் வரத் தாமதமாயிற்று. நான் அங்கேதான் இருந்தேன். மணி அடித்தபோது அக்கா போனை என்னிடம் நீட்டிவிட்டாள், நான்தான் எடுத்தேன்.

"விட்டாரா அத்தான்?"



"விட்டுட்டான். ஆனா... இந்தத் தடவை மூணு தரம் ஊத வேண்டியதாப் போச்சு."