அவளுக்கு நான் எழுதிய மூன்று வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் சோறு இறங்காத அளவுக்கு எரிந்தது. நாமக்கல் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் நுண்ணுயிரியல் படித்தோம். இரண்டாம் ஆண்டு முடிவில் மதிப்பெண் பார்த்து ஹானர்ஸ் பட்டியல் போடுவார்கள். எங்கள் வகுப்பிலிருந்து அதில் இரண்டே பேர். முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது என்னுடையது. அதை மட்டும் திருப்பிப் போட்டிருந்தால் அவளை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கும்!

நான் சேலம் டவுனில் வளர்ந்தவள். கான்வென்ட் படிப்பு, மாதா கோயிலில் பூசைக்கு இங்கிலீஷ் வாசகம் வாசிக்கிற பெண், நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா ஊர் முழுக்கப் பெருமை பேசும் பெண். அவள் எருமப்பட்டிப் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து வருகிறவள். அவள் அப்பா சின்னதாகக் கோழிப்பண்ணை வைத்திருந்தார். பன்னிரண்டு வரை தமிழில் படித்தவள் எப்படி என்னைத் தாண்டினாள் என்று எனக்குப் புரியவே இல்லை. தினமும் இரண்டு அவித்த முட்டை கொண்டுவருவாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. நானும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றுகொண்டே எரிந்தேன்.

ஹானர்ஸ் என்றால் நாலாவதாக ஒரு வருஷம், கூடுதல் பாடம், கூடுதல் ஆய்வகம், வழிகாட்ட ஒரு மென்டர். மேலே என்ன படிக்கலாம், எங்கே விண்ணப்பிக்கலாம் என்றெல்லாம் அவர் சொல்ல வேண்டும். எங்கள் மென்டர் மேடம் நல்லவர்தான், பாவம். ஆனால் கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வரப்போகிறது என்று அவர் மேஜையில் எந்நேரமும் ஃபைல் மலை. மாதம் ஒருமுறை மென்டர் நோட்டை நீட்டுவோம். "எல்லாம் நல்லாப் போகுதாம்மா?" என்பார். "போகுது மேம்" என்போம். கையெழுத்து விழும். ஆலோசனை அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டில் ஒரு வாரம் ஆய்வகத்தில் எங்களுக்கு எதுவுமே வளரவில்லை. கிருமி வளர்க்கிற இன்குபேட்டர் பெட்டிக்குள் தட்டுகளை வைப்போம், மறுநாள் எடுத்தால் எல்லாம் வீணாகியிருக்கும். நான் திரவத்தை மாற்றினேன், தட்டை மாற்றினேன், லேப் உதவியாளரோடு சண்டை போட்டேன். அவளோ மறுநாள் வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கிற பழைய பாதரசத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள். வெளியே முப்பத்தேழு என்று எழுத்து மின்னுகிறது, உள்ளே பாதரசம் நாற்பதைத் தாண்டி நிற்கிறது!

"பொட்டி பொய் சொல்லுது புள்ள" என்றாள். அவ்வளவுதான். பீற்றிக்கொள்ளவே இல்லை. நானாக இருந்தால் கல்லூரி முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பேன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று அன்றைக்குச் சேலம் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்பு வந்தது. பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் கோடை விடுமுறை இரண்டு மாதம் வேலை கற்றுக்கொள்ளலாம். எங்கள் கல்லூரிக்கு ஒரே இடம். ஹானர்ஸ் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், மென்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அங்கே போய்வந்தால் பெரிய இடங்களில் மேற்படிப்புக்குக் கதவு திறக்கும் என்று சீனியர்கள் சொன்னார்கள். எனக்கு அது வேண்டும். அவளுக்கும் வேண்டும். அவளுக்கு இன்னும் அதிகமாகவே வேண்டும், ஏனென்றால் டிகிரி முடிந்ததும் கல்யாணப் பேச்சை எடுக்க அவள் வீட்டில் மாமாமார்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று அவள் வரவில்லை, பண்ணைக்குப் புதுக் குஞ்சுகள் வந்து இறங்குகிற நாள். மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா, எனக்குத் தலைக்கு மேல வேலை. உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே. ரெண்டு பேருக்கும் லெட்டர் நீயே எழுதிட்டு வா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இது வழக்கம்தான். பரிந்துரை கேட்டால், நீயே எழுதிக்கொண்டு வா என்பார்கள். ஆனால் போட்டிக்காரிக்கும் சேர்த்து எழுதச் சொன்னது என் ஒருத்தியிடமாகத்தான் இருக்கும்.

கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். கூர்மையான அறிவு, ஓயாத உழைப்பு, தலைமைப் பண்பு என்று என்னை நானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ஆய்வகத்தில் இன்குபேட்டர் தவறான வெப்பம் காட்டியதைக் கண்டுபிடித்தவர் இவர். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்தேன்.

பிறகு அவளுக்கு எழுதினேன். மூன்று வரி. ஒழுங்காகக் கல்லூரிக்கு வருகிறவர். பணிவானவர். துறைக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை.

அவளுடையதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, பாருங்கள். மேடம் இரண்டிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். இரண்டையும் நான்தான் ஸ்கேன் செய்து பெங்களூருக்கு அனுப்பி வைத்தேன். மறுநாள் அவளுடைய அசலை அவளிடம் கொடுத்து, "மேம் எழுதித் தந்தாங்கடி" என்றேன். அவள் மூன்று வரியையும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மேம் நம்மளையெல்லாம் கவனிக்கறாங்க புள்ள! எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்று வரிக்கே இவளுக்கு இவ்வளவு சந்தோஷமா?

அந்த ஞாயிறு, ஃபாதரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் "பொறாமைப்பட்டேன் ஃபாதர்" என்று சொன்னேன். என்ன செய்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெங்களூரிலிருந்து ஃபோனில் பேட்டி எடுத்தார்கள். முதல் கேள்வியே, இன்குபேட்டரைச் சோதிக்கவேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்பதுதான். எனக்கு எப்படித் தெரியும்? சும்மா ஒரு சந்தேகம் என்று உளறினேன். நல்ல சந்தேகம் என்று பாராட்டினார்கள். இடம் எனக்குக் கிடைத்தது.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ போனா நான் போன மாதிரிதான் புள்ள" என்றாள். மனசாரச் சொன்னாள். அவளுக்குப் பொறாமைகூட வரவில்லை. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அப்பாவோ, "சரி, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் பார்த்தார்.

இரண்டு மாதம் முடிந்து திரும்பினேன். அவள் ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழாவுக்கு வந்தே தீரவேண்டும் என்று கூப்பிட்டாள். நாமக்கல்லில் பஸ் மாறிப் போனேன். தோட்டத்து வீடு, பின்னால் கோழிக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கடிதம். லேமினேட் செய்து, சட்டம் போட்டு, டி.வி.க்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள்.

"வா சாமி, வா. பெங்களூரெல்லாம் போயிட்டு வந்தியாமா!" என்று அவள் அப்பா எனக்கு நாற்காலி போட்டார். பிறகு கடிதத்தைக் கழற்றித் துண்டால் துடைத்து என் மடியில் வைத்தார்.

"இதப் படிச்சுச் சொல்லு சாமி. என்ற புள்ளகிட்டக் கேட்டா, 'நல்ல புள்ளன்னு எழுதியிருக்குதுங்கப்பா'ன்னு ஒரே பேச்சுல முடிச்சுப்போடறா. இத்தன எழுத்துக்கு அவ்வளவுதானா?"

அவள் காபி டம்ளரோடு கதவோரம் நின்றாள். நான் கடிதத்தைப் பார்த்தேன். தொந்தரவு கொடுத்ததில்லை. இதை எப்படி அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்துச் சொல்வது?

வாய் தானாகப் பேசியது. "இந்தப் பொண்ணு மாதிரி ஒரு மாணவி எங்க துறைக்கு வந்ததில்லைன்னு எழுதியிருக்காங்க அங்கிள். எதையும் அவசரப்பட்டு நம்ப மாட்டா, சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் பேசுவான்னு இருக்கு. ஒரு வாரமா எல்லாரும் தடுமாறினப்ப, இன்குபேட்டர்ல தெர்மாமீட்டர் வச்சு, பெட்டி தப்பாக் காட்டுதுன்னு கண்டுபிடிச்சது இவதான்னு எழுதியிருக்காங்க. தனக்குத் தெரிஞ்சதைப் பக்கத்துல இருக்கறவளுக்குச் சொல்லிக் குடுப்பா. ஜெயிச்சாலும் பீத்திக்க மாட்டா..."

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, அது நான் சொல்லிக் குடுத்ததல்லோ! குஞ்சுக் கொட்டாயில மீட்டர நம்பினா மொத்தமும் போயிரும். குஞ்சு ஒசரத்துக்கு ஒரு தெர்மாமீட்டரத் தொங்கவிட்டுத்தான் பாக்கோணும். அந்தம்மா அதையும் எழுதிப்போட்டாங்களா!" என்னைக் கையோடு கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், குஞ்சுகளின் தலைக்கு நேராக, நூலில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. பேட்டியில் நான் சொல்லத் தெரியாமல் விழித்த பதில் அங்கே ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பற்றி இப்படி யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்ல என் அப்பாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் எரிந்தது.

சாயங்காலம் பஸ் ஏற்ற அவள் வந்தாள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"மேம் எழுதல. நீதான் எழுதின, இல்ல?"

"ஆமா."

"அதுல மூணு வரிதான் இருக்குது. அப்பாகிட்ட அத்தனை சொன்னே. அப்ப, இதெல்லாம் தெரிஞ்சேதான் எழுதலையா புள்ள?"

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"உன்ற லெட்டர்ல தெர்மாமீட்டர் இருக்குதா?"

"இருக்கு."

அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஓட்டமாக எதிரே இருந்த கடைக்குப் போய் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வந்து என் மடியில் போட்டாள். "எழுது. அப்பாகிட்டச் சொன்னியே, அதே மாதிரி. இங்கிலீஷ்ல" என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நாமக்கல் பஸ் இரண்டு போய்விட்டது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டாள். "மேம்கிட்ட நானே கையெழுத்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அதற்குப் பிறகு முட்டை ஒன்றுதான் கொண்டுவந்தாள்.

அந்தக் கடிதத்தோடு அவள் மேற்படிப்புக்குப் போனாள். மாமாமார்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

போன மாதம் அவள் அப்பா ஃபோன் செய்தார். "சாமி, நல்லாருக்கியா? புள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து லெட்டர் வந்திருக்குது. அவகிட்டக் கேட்டா, எடம் கெடைச்சிருச்சுங்கப்பாங்கறா, அவ்வளவுதான். நீ வந்து படிச்சாத்தான் எனக்கு வெவரமாத் தெரியும்." நான் செய்ததைப் பற்றி அவள் அவரிடம் இத்தனை வருஷமாக ஒன்றுமே சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் வீட்டில் இல்லை. டி.வி.க்கு மேலே பழைய மூன்று வரி அப்படியே இருந்தது. அவர் புதுக் கடிதத்தைத் துண்டால் துடைத்து என் மடியில் வைத்தார். இரண்டு பக்கம். வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். என் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. எதற்காக அவளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதெல்லாம் அதிலேயே இருந்தது. அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் கடைசி வரிவரை நிறுத்தாமல் படித்தேன்.